முப்பத்தொன்றாம் மூட்டை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துணி துவைக்க உட்கார்ந்தவள், முதலில் காலுறைகளைத்தான் எடுத்தாள். விதை பறிக்கப் போகிறவர்களின் காலுறையை அப்படியே தண்ணீரில் போட முடியாது. புல்விதைகளின் மீசைகள் நூலுக்குள் ஊசி மாதிரி ஏறி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தால்தான் மறுபடி அதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியும். குளியலறை வாசலில் முக்காலியைப் போட்டு, மடியில் செய்தித்தாளை விரித்து, பழுப்பு ஜோடியை முடித்துவிட்டுச் சாம்பல் நிற ஜோடியைக் கையில் எடுத்தாள். அது அவள் கணவருடையது. பழுப்பு ஜோடி காயாததால், வியாழக்கிழமை ஒரே ஒரு நாள் அதைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போயிருந்தாள்.

முறுக்கிய மீசை ஒன்று. முறுக்கிய மீசை இன்னொன்று. மூன்றாவதாக வந்தது நேராக இருந்தது.

அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். விளக்கைப் போட்டு மறுபடி பார்த்தாள். பிறகு வேகவேகமாகப் பிடுங்க ஆரம்பித்தாள். முடித்தபோது செய்தித்தாளில் ஒரு பக்கம் முறுக்கிய மீசைகள் முப்பது சொச்சம், இன்னொரு பக்கம் நேரான மீசைகள் பதினொன்று. துணி வாளியிலேயே கிடந்தது.

வேலை செய்யும் இடத்தில் அவளைச் சல்லடை அக்கா என்பார்கள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு களைவிதை மூட்டைக்குள் போகாது என்று சொல்லி, விதை சுத்தம் செய்யும் கொட்டகையின் மெஷின்காரர் வைத்த பெயர். முப்பத்தாறு வயது வரை அவள் பள்ளிக்கூடப் பைகளுக்கு வார் தைக்கும் தொழிற்சாலையில் இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அதை இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் நிறுத்தத் தூணில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'விதை பறிக்க ஆட்கள் தேவை. மூன்று மாதம். நடக்கத் தெரிந்தால் போதும்.' நடக்கத் தெரியாமலா இத்தனை வருஷம் பஸ்ஸைத் துரத்திப் பிடித்தோம் என்று நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். இது ஏழாவது வருஷம். மீதி ஒன்பது மாதம் வீட்டில் ஜிப் மாற்றுவது, கால்சட்டையைக் குட்டையாக்குவது என்று தையல் வேலை.

ஊருக்கு வெளியே ஒரு மலையில் முப்பது வருஷம் கல் உடைத்தார்கள். உடைத்து முடித்தபோது மலையின் ஒரு பக்கம் தோல் உரித்தது போல் நின்றது. அதன்மேல் மறுபடியும் பழைய புல்லையே வளர்க்க வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. அதற்கு விதை கடையில் கிடைக்காது. பக்கத்துச் சரிவுகளில் தானாக வளர்ந்து நிற்கும் புல்லில் கையால் உருவித்தான் எடுக்க வேண்டும். இடுப்பில் துணிப்பை; பிளாஸ்டிக் ஆகாது, விதை வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். எந்தச் செடியிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மாலையில் மூட்டை கட்டி, எங்கே, என்றைக்கு, எத்தனை செடியில் பறித்தது என்று சீட்டு எழுதி, 'செடிகளைப் பார்த்து உறுதி செய்தேன்' என்ற வரிக்குக் கீழே பறிக்கப் போன இருவரில் மூத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். சீட்டு இல்லாத மூட்டை குப்பைக்குச் சமம்.

அவர்கள் முக்கியமாகப் பறித்தது குருவிவால் என்கிற புல். அதைப் போலவே இன்னொரு புல் உண்டு. எங்கிருந்தோ வண்டிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கு விருந்தாளி என்று பெயர் வைத்திருந்தார்கள். வந்து உட்கார்ந்தால் வீட்டுக்காரனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் ஓயும். மூன்று வருஷத்தில் ஒரு சரிவு முழுக்கப் பிடித்துவிடும், கோடையில் காய்ந்து தீப்பெட்டி மாதிரி எரியும். உயரம், நிறம், கதிர் எல்லாம் குருவிவாலைப் போலவே இருக்கும். இரண்டே வித்தியாசம்தான். குருவிவால் விதையின் மீசை கயிறு மாதிரி முறுக்கியிருக்கும், விருந்தாளிக்கு நேராக இருக்கும். விருந்தாளியில் இலை தண்டோடு சேரும் கணுவில் வெள்ளை முடி ஒரு வளையமாகச் சுற்றியிருக்கும். மெஷினில் போட்டு மீசையை உடைத்துவிட்டால் இரண்டு விதையையும் எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை அவளும் நாத்தனாரும் மூன்றாம் சரிவுக்குப் போயிருந்தார்கள். அவள் மேல்பக்கம், நாத்தனார் கீழே ஓடைக்கரை. மூட்டையைத் தூக்கிக் கொடுக்க மட்டும்தான் அவள் ஓடைக்கு இறங்கினாள். இருட்டிக்கொண்டு வந்தது, மழை வரும்போல் இருந்தது. செடிகளைப் பார்க்கவில்லை. பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டாள். முப்பத்தொன்றாம் மூட்டை.

நாத்தனார் அடுக்களையில் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம்தான் இரண்டு பெட்டியோடு புருஷன் வீட்டிலிருந்து வந்தவள். தையல் மெஷின் இருந்த பின்னறையில் இருக்கிறாள்; கையில் காசு சேர்ந்ததும் வாடகைக்கு ரூம் பார்ப்பதாகப் பேச்சு. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அண்ணிதான். முதல் சீசன். ஒரு மூட்டை தள்ளுபடியானால் புதியவர்களை மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

"வியாழக்கிழமை ஓடைப் பக்கம் பறிச்சியே, கணுவப் பாத்தியா?"

"எந்தக் கணு அண்ணி?"

"இலை தண்டுல சேர்ற இடம். வெள்ளையா முடி இருக்கும்னு காட்டினேனே."

"பாத்தேனே. மொதல்ல பாத்தேன்."

"மொதல்லன்னா?"

"மொத பத்து செடி பாத்தேன். எல்லாம் ஒண்ணாத்தான் இருந்துச்சு. மழை வேற வர்ற மாதிரி இருந்துச்சா, அப்புறம் கடகடன்னு உருவிட்டேன். இப்ப எதுக்குக் கேக்கறீங்க?"

அவள் செய்தித்தாளை நீட்டினாள். நாத்தனார் குனிந்து பார்த்தாள். துடைத்துக்கொண்டிருந்த தட்டை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"காத்துல வந்து ஒட்டிருக்கும்."

"பதினொண்ணுமா?"

கூடத்திலிருந்து கணவர் எழுந்து வந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், எதையும் சத்தம் கேட்டே கண்டுபிடிக்கிற பழக்கம். இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு மனைவியிடம் கேட்டார்.

"நாளைக்குப் போய்ச் சொல்லப் போறியா?"

"சொல்லாம?"

"இவ கதி என்னாகும்?"

"மலை கதி என்னாகும்?"

"மலை வந்து வாடகைக்கு ரூம் தேடப்போறதில்ல," என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. அவள் மீசைகளைக் காகிதத்தோடு மடித்துப் பைக்குள் வைத்தாள். ராத்திரி முழுக்கப் பின்னறைக் கதவு சாத்தியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை விதை தூவுவதாக ஏற்பாடு. புதன்கிழமை பெரிய மழை என்று அறிவித்திருந்தார்கள். விதையை வைக்கோல் கூழோடு கலந்து மழைக்கு முந்தின நாள் தூவினால்தான் விதையும் மண்ணும் கரையாமல் பிடித்துக்கொள்ளும். அப்படியென்றால் திங்கள்கிழமைக்குள் மூட்டைகள் எல்லாம் மெஷினில் ஓடி முடிய வேண்டும்.

திங்கள் காலை ஆறரைக்கு அவள் மெஷின்காரருக்குப் போன் போட்டாள். அவர் எப்போதும் டீயை உறிஞ்சிக்கொண்டேதான் பேசுவார்.

"அண்ணே, இன்னிக்கு முப்பத்தொண்ண ஓட்டாதீங்க."

"ஏன், அதுல என்ன புதையலா இருக்கு?"

"ஒரு சந்தேகம்."

"சந்தேகத்த எழுதிக் குடு. சார்கிட்ட காட்டறேன்."

"மீசை மட்டும்தான் கையில இருக்குண்ணே, செடி இல்ல. சரிவுக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் தள்ளி வைங்க."

உறிஞ்சும் சத்தம் நின்றது. "சல்லடையே சந்தேகப்பட்டா நான் என்ன சொல்றது. பதினொரு மணி வரைக்கும் தொடமாட்டேன். அதுக்கு மேல எங்கிட்ட கேக்காத. நாலு மூட்டை சேர்த்துத்தான் ஒரு தொட்டி. தொட்டி நிறைஞ்சா பெரிய உருளைக்குள்ள திறந்துடணும். உருளைக்குள்ள போயிட்டா முப்பத்தாறு மூட்டையும் ஒண்ணுதான்."

முதல் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய் இறங்கி, ஒற்றையடிப் பாதையில் ஏறினாள். வழக்கமாக ஒரு மணி நேர நடை. அன்றைக்கு நாற்பது நிமிஷத்தில் மூன்றாம் சரிவின் விளிம்பில் நின்றாள். மூச்சு தொண்டையைக் கிழித்தது. உட்காராமல் சறுக்கிக்கொண்டே ஓடைக்கு இறங்கினாள்.

சனிக்கிழமை அடித்த காற்றில் மிச்ச விதைகளெல்லாம் உதிர்ந்து, கதிர்கள் வெறும் குச்சியாக நின்றன. ஈரத்தில் மிதிபட்ட தடம் இன்னும் இருந்தது. நாத்தனாரின் செருப்பு அளவு அவளுக்குத் தெரியும். தடத்தின் தொடக்கத்தில் மண்டியிட்டு முதல் செடியின் இலையை விலக்கினாள். கணு வழுவழுவென்று இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். பத்தாவது வரை அப்படியே. நாத்தனார் பொய் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் அவளுக்கு உயிர் வந்தது.

பதினான்காவது செடியில் முடி இருந்தது.

அதற்கப்புறம் ஒன்றுவிட்டு ஒன்று. பிறகு தொடர்ச்சியாக. இரண்டு அறை அளவுக்கு ஒரு திட்டு, அத்தனையும் வெள்ளை வளையம். அதற்கு நடுவேதான் மிதிபட்ட தடம் போயிற்று. ஆறு செடிகளை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ஏறினாள். மணி எட்டே முக்கால்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது ஒன்பதே முக்கால். பத்து மணி பஸ் வரவில்லை. பத்து பத்துக்கும் வரவில்லை. மெஷின்காரருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெஷின் ஓடும்போது அவர் காதில் பஞ்சு வைத்திருப்பார். மேற்பார்வையாளருக்குப் போட்டாள், வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் நடுரோட்டில் நின்று ஒரு தண்ணீர் லாரியை மறித்தாள்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?" என்றார் லாரிக்காரர், அவள் ஏறி உட்கார்ந்ததும்.

"இல்லீங்க. புல்லு."

"புல்லா?"

"கொஞ்சம் வேகமாப் போங்க."

அவர் அவளையும் மடியிலிருந்த பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கியரை மாற்றி மிதித்தார். பின்னால் தண்ணீர் தொட்டிக்குள் மோதும் ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி ஆடியது. ரயில்வே கேட் மூடியிருந்தது. அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கொட்டகை வாசலில் குதித்தபோது மணி பதினொன்று இருபது. உள்ளே மெஷின் அலறிக்கொண்டிருந்தது. தூசியில் எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை. சுவர் ஓரமாகக் காலி மூட்டைகள் மடித்துக் கிடந்தன. மேலே இருந்தது முப்பத்திரண்டு. அதற்குக் கீழே முப்பத்தொன்று.

மெஷின்காரர் தொட்டியின் அடிக்கதவுப் பிடியில் கையை வைத்திருந்தார். அதை இழுத்தால் நாலு மூட்டை விதையும் சரிந்து பெரிய உருளைக்குள் போய்விடும். அவள் கத்தினாள். அவர் காதில் பஞ்சு. தூணில் இருந்த சிவப்புப் பொத்தானை மெஷின்காரரைத் தவிர யாரும் தொடக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கும். அவள் உள்ளங்கையால் அதை ஓங்கி அடித்தாள்.

சத்தம் செத்துப்போயிற்று. ஜன்னலோர மேஜையில் விதை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் தலையைத் தூக்கினார்கள். அவர்களுக்கு நடுவில் நாத்தனாரும் இருந்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் மெஷின்காரர், பஞ்சை எடுத்துக்கொண்டே. "பதினொண்ணேகால் வரைக்கும் வச்சிருந்தேன். சார் வந்து சத்தம் போட்டாரு, ஓட்டிட்டேன்."

"தொட்டியத் திறக்கல இல்ல?"

"இன்னும் ரெண்டு நொடியில திறந்திருப்பேன்."

மேற்பார்வையாளர் அறையிலிருந்து வந்தார். கெட்டவர் இல்லை. நாலு நாளாகத் தூங்காத முகம். அவள் மேஜைமேல் ஆறு செடிகளையும் பரப்பினாள். பக்கத்தில் காலுறையிலிருந்து எடுத்த மீசைகளையும் காகிதத்தோடு வைத்தாள்.

"காலுறையா?" என்றார் அவர். யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு உடனே அடங்கினாள்.

"வியாழக்கிழமை போட்டது சார். முப்பத்தொண்ணு பறிச்ச அன்னிக்கு."

"ஓடைக்குப் போனீங்களா? காலுறை நனைஞ்சுச்சா?"

"நனைஞ்சுச்சு."

"நனைஞ்சா குருவிவால் மீசை முறுக்கு விட்டு நேராயிடும். உங்களுக்குத் தெரியாததா?"

அவள் திகைத்தாள். தெரியும்தான். ஆனால் நினைவுக்கு வரவில்லை. "காய்ஞ்சா திரும்பவும் முறுக்கிக்கும் சார்."

"நூலுக்குள்ள மாட்டினது எப்படி முறுக்கும்?" செடி ஒன்றைத் தூக்கிக் கணுவைப் பார்த்தார். "ஓடைக்கரை மாதிரி ஈரமான இடத்துல குருவிவாலுக்கும் லேசா முடி வரும்னு நம்ம கையேட்டுலயே இருக்கு. ஆய்வக மேடம் வெள்ளிக்கிழமைதான் ஊர்லேர்ந்து வராங்க. இது விருந்தாளின்னு நான் எதை வச்சு எழுதறது?"

"வளையம் சார். லேசான முடி இல்ல, வளையம்."

"நிச்சயமா சொல்றீங்களா?"

காலையில் சரிவில் நின்றபோது நூற்றுக்கு நூறு நிச்சயமாக இருந்தது. இப்போது அவர் சொன்னதையெல்லாம் கேட்டபிறகு கால் ஊன்றிய தரை கொஞ்சம் அசைந்தது. ஏழு வருஷத்தில் ஈரத்தில் வளர்ந்த குருவிவாலை எத்தனை முறை குனிந்து பார்த்திருக்கிறாள்?

"நாலு மூட்டை," என்றார் அவர் மெதுவாக. "அதை எடுத்துட்டா கல் உடைச்ச சரிவுல கீழ்ப்பக்கம் ஒரு பட்டைக்கு விதை இல்ல. புதன்கிழமை மழை. வெறும் மண்ணு. கீழ ரோடு. அதுவும் தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"யார் பறிச்சது?"

அவள் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

"கையெழுத்து என்னோடது."

"அதைக் கேக்கல."

"சீட்டுல கேக்கறது அதைத்தான் சார். பாக்காம போட்டுட்டேன்."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "பதினெட்டு நாள் முளைக்க வச்சுப் பாத்தாத்தான் தெரியும். எனக்குப் பதினெட்டு மணி நேரம்தான் இருக்கு. மெஷினப் போடுங்க," என்றார் மெஷின்காரரிடம், கொஞ்சம் தயங்கியே.

சீட்டுகள் எல்லாம் சுவரில் ஆணியில் எண் வரிசைப்படி குத்தியிருக்கும். அவள் போய் முப்பத்தொன்றை உருவினாள். தன் கையெழுத்தை ஒருமுறை பார்த்தாள். இரண்டாகக் கிழித்தாள். மறுபடி நாலாகக் கிழித்து மேஜைமேல், செடிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இப்ப அந்தத் தொட்டியில சீட்டு இல்லாத மூட்டை ஒண்ணு இருக்கு சார். தூவ முடியாது."

சீட்டைக் கிழித்தால் வேலை போகும் என்பது முதல் நாளே எல்லாருக்கும் சொல்லித் தருவது. மேற்பார்வையாளர் அந்த நாலு துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெஷின்காரரிடம், "தொட்டியக் கட்டி ஓரமா வைங்க. மெஷினக் கழட்டித் துடைச்சிட்டு மிச்சத்த ஓட்டுங்க," என்றார். அவளைப் பார்த்து, "நீங்க வீட்டுக்குப் போங்க. நானா கூப்பிட்டா வாங்க," என்றார்.

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றாள்.

"என் பேரச் சொல்லாம விட்டது எனக்குப் பண்ண உபகாரம்னு நினைக்கிறீங்களா அண்ணி?"

"அப்படியெல்லாம் நினைக்கல."

"ரெண்டு பேர்தான் போனோம். கீழ பறிச்சது யாருன்னு அத்தனை பேருக்கும் தெரியும். இப்ப நான், வாய மூடிக்கிட்டு நின்னவ. சாப்பிடற நேரத்துல எம்பக்கத்துல ஒருத்தி உக்காரல."

"நீ சொல்லிருக்கலாமே."

"வாய் வரல," என்றாள் நாத்தனார். பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலை வழக்கத்தைவிட முன்னதாகக் கிளம்பி, மேற்பார்வையாளர் அறை திறப்பதற்குள் வாசலில் போய் நின்று, பறித்தது நான்தான் என்று சொல்லியிருக்கிறாள். அவர், "தெரியும், போய் வேலையப் பாரும்மா," என்றாராம். இது மெஷின்காரர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வந்தது. நாத்தனார் வீட்டில் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

செவ்வாய்க்கிழமை கீழ்ப்பட்டையை விட்டுவிட்டு மேல்பக்கம் மட்டும் தூவினார்கள். புதன்கிழமை மதியம் மழை பிடித்தது. அவள் கூடத்தில் தையல் மெஷினுக்கு முன்னால் ஒரு கால்சட்டையை வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை காலையில் பால் வாங்கப் போனபோது கடைக்காரர் போனில் படம் காட்டினார். சரிவின் கீழ்ப்பக்க மண் கரைந்து ரோட்டில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. இரண்டு கார்கள் சிக்கியிருந்தன. ஒருவர் கையில் செருப்போடு திட்டிக்கொண்டு நின்றார். யாருக்கும் அடிபடவில்லை. "அந்த மலையில எதையோ தூவறேன்னாங்களே, தூவின லட்சணத்தப் பாருங்க," என்றார் கடைக்காரர். அவள் பால் பையை வாங்கிக்கொண்டு நடந்தாள். மிச்சச் சில்லறையை விட்டுவிட்டு வந்ததே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

பதினெட்டு நாள் லேசுப்பட்டதல்ல. தொட்டியிலிருந்து நூறு விதை எடுத்து ஆய்வகத்தில் தட்டில் போட்டிருக்கிறார்கள் என்ற அளவில்தான் செய்தி. நாத்தனார் காலையில் போனாள், சாயங்காலம் வந்தாள், தட்டைப் பற்றிப் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் அந்தக் கணுக்கள்தான் வந்தன. ஒரு நேரம் வளையமாகத் தெரியும், ஒரு நேரம் லேசான முடியாகத் தெரியும். குருவிவாலாகவே இருந்துவிட்டால், நாலு மூட்டை நல்ல விதையை வீணாக்கி, ஒரு ரோட்டையும் மண்ணால் மூடியவள் அவள்.

"தப்பா இருந்தா என்ன பண்ணுவ?" என்று கணவர் ஒரு நாள் கேட்டார்.

"தெரியல."

"லிஃப்டுல ஒரு சத்தம் கேட்டா நான் நிறுத்திடுவேன். பத்து தடவையில ஒம்பது தடவை ஒண்ணுமே இருக்காது. அஞ்சாவது மாடிக்காரன் மூட்டை முடிச்சோட ஏறி வந்து என் பரம்பரையவே இழுப்பான்." அவர் செய்தித்தாளைப் புரட்டினார். "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது. ரூம் விஷயம்." அவ்வளவுதான் சொன்னார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

பதினேழாம் நாள் காலை ஆய்வக மேடம் போன் செய்தார். "வந்துட்டுப் போங்க," என்று மட்டும் சொன்னார். குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

ஆய்வகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை; கொட்டகைக்குப் பின்னால் வெள்ளையடித்த ஒரே அறை, ஜன்னலோரம் நீள மேஜை, அதன்மேல் இரண்டு தட்டு. இரண்டிலும் விரல் நீளத்துக்குப் பச்சைப் பயிர். அவளுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. மேற்பார்வையாளர் சுவரில் சாய்ந்து நின்றார். அவள் அவருக்கு வணக்கம் சொல்ல மறந்துபோனாள்.

மேடம் பூதக்கண்ணாடியை அவளிடம் கொடுத்தார். "இது வலது தட்டு. ஓடைக்கரையில ஈரத்துல வளர்ந்த குருவிவால், போன வருஷம் நானே எடுத்து வச்ச விதை. கணுவப் பாருங்க."

முடி இருந்தது. மெல்லியதாக, அங்கங்கே நாலைந்து.

"இப்ப இடது தட்டு. மூணாவது இலை வந்ததப் பாருங்க. குச்சி நட்டு வச்சிருக்கேன்."

அவள் கண்ணாடியை நகர்த்தினாள். மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். குச்சி நட்ட செடியின் கணுவைச் சுற்றி, விட்டுப்போகாமல், வெள்ளையாக ஒரு வளையம். அடுத்த குச்சி. அதிலும் வளையம்.

"எத்தனை மேடம்?"

"பதினாலு. நூறு விதையில எழுபத்து மூணு முளைச்சது, அதுல பதினாலு விருந்தாளி."

"அது நிறையவா?"

"ஒண்ணே நிறைய," என்றார் மேடம்.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு முக்காலியை இழுத்து உட்கார்ந்து, அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார்.

"நாலு மூட்டையும் நாளைக்கு எரிச்சிடுவோம். ஆனா சீட்டு கிழிச்சதுக்கு இந்த சீசன் முழுக்க நீங்க வெளியிலதான். மேல எழுதி அனுப்பிட்டேன். திரும்ப வாங்க முடியாது."

"சரி சார்."

"பாக்காம கையெழுத்து போட்டதுக்கும் சேர்த்துன்னு வச்சுக்கங்க."

"அதுக்குத்தான்னு நானும் வச்சிருக்கேன்."

"அடுத்த வருஷம் வந்துடுங்க," என்றார் கடைசியில். வெளியே வந்தபோது மெஷின்காரர் வழியில் நின்றிருந்தார். அன்றைக்கு மெஷினைக் கழற்றித் துடைத்ததில் தன் இடுப்பு பிடித்துக்கொண்டதாகவும், அதற்குத் தைலம் அவள்தான் வாங்கித் தர வேண்டும் என்றும் சொன்னார்.

நாத்தனாரோடு பேச்சு பழையபடி ஆக ஏழு மாதம் பிடித்தது. நடுவில் பேசாமல் இல்லை. உப்பு எங்கே, கேஸ் தீர்ந்துவிட்டது என்கிற அளவில் பேச்சு. அடுத்த சீசனுக்கு முன்பே, புல் பூப்பதற்குள் ஓடைக்கரைத் திட்டை வேரோடு எடுக்க ஆள் கேட்டார்கள். இரண்டு பேரும் தனித்தனியாகப் பெயர் கொடுத்தது அங்கே போய் நின்றபோதுதான் தெரிந்தது. முதல் வருஷம் நூற்றுச் சொச்சம் செடி பிடுங்கினார்கள். இரண்டாம் வருஷம் ஒன்பது. மூன்றாம் வருஷம் நாள் முழுக்கத் தவழ்ந்து தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் கரையில் உட்கார்ந்து முழங்காலில் அப்பிய சேற்றைச் சுரண்டும்போது நாத்தனார் சொன்னாள்:

"அன்னிக்கு மட்டும் நீங்க அந்தக் காலுறைய அப்படியே வாளியில போட்டிருந்தீங்கன்னா..."

"போட்டிருந்தா?"

"ஒண்ணுமில்ல. நினைச்சா பயமாத்தான் இருக்கு."

சரிவின் கீழ்ப்பக்கத்தை ஒரு வருஷம் தாமதமாகத் தூவினார்கள். இன்னும் அங்கே மேல்பக்கம் அளவுக்கு அடர்த்தி வரவில்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் பச்சைக்கு நடுவில் வெளிறிய பட்டையாகத் தெரியும். நாத்தனார் ரயிலடிக்குப் பக்கத்தில் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தையல் மெஷின் பின்னறைக்குத் திரும்பியது. சல்லடை அக்காவுக்கு இப்போது நாற்பத்தாறு. இடது முழங்கால் இறக்கத்தில் தகராறு செய்கிறது. வருஷம் முழுக்க ஆய்வகத்திலேயே விதை பொறுக்கும் வேலை தருகிறேன் என்று மேடம் இரண்டு முறை கேட்டுவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை, தலைக்கு மேல் மின்விசிறி. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். அடுத்த வாரம் சீசன் ஆரம்பிக்கிறது. இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.